கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று

கோயம்புத்தூரில் குடியிருப்பதில் என்ன லாபம் என்று கேட்டால் சிறுவாணித் தண்ணி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு ஒரு லாபம் இருக்கிறது. விடியக்காலையில் எழுந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு சோலக்கிளியைப் பார்க்கலாம். அடுத்த வாரம் உக்கடத்தில் பழனி பஸ்ஸைப் பிடித்தால் இன்னொரு சோலக்கிளியைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இரண்டு பறவைகள். ஒன்று இருக்கும் மலையில் மற்றது இருக்காது. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு மாதிரி ஓடும் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில்தான் எங்கள் ஊர்.

கிளி என்றதும் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம். மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளிதான், அந்த வழியில் வந்த பெயர் இது. சிட்டுக்குருவி அளவுதான், சற்றே பெரிது. கருநீல உடம்பு, குட்டை வால், உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட கால். சோலைக்குள்ளே, அதாவது உயர மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் குளிர்க் காட்டுக்குள்ளே, தரையிலும் தரைக்கு இரண்டு மூன்று அடி மேலேயுமே வாழ்ந்து முடித்துவிடும். கணவாய்க்கு வடக்கே இருப்பது நீலகிரிச் சோலக்கிளி, ஷோலிகோலா மேஜர். தெற்கே இருப்பது வெண்வயிற்றுச் சோலக்கிளி, ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ். இரண்டுமே உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள பறவைகளோடு வைக்கப்பட்டிருப்பவை.

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். என் செல்போனில் இருக்கும் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் ஒரு நாள் கேட்டார். “ஏம்மா, ரெண்டும் ஒண்ணாட்டத்தான இருக்குது? இதுக்கு எதுக்கு ரெண்டு தடவ லீவு போட்டீங்க?” டீ டைம் பத்து நிமிஷம்தான். அதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா என்ற இதே கேள்வியில் பறவை அறிஞர்களே நூற்றைம்பது வருஷம் மாறி மாறி நின்றிருக்கிறார்கள்.

முதலில் வடக்கத்திக்காரர்.

நீலகிரிச் சோலக்கிளியைப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை. வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை, வீடுகள், ரோடு. நடுவில் இந்த ஒரு துண்டு மட்டும் பழைய காடாக நிற்கிறது. பக்கத்து ஊர்களுக்குக் குடிதண்ணீர் இதன் ஊற்றுகளிலிருந்து போகிறது, 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடுதான் உள்ளே போக வேண்டும். காட்டு மாடு எந்த வளைவில் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கூட்டிப்போனவர் ஓடைப் பக்கம் வந்ததும் சொன்னார். “நின்னு பாக்காதீங்க மேடம், உக்காருங்க. அது நம்ம முட்டிக்குக் கீழதான் இருக்கும். நின்னா இலைதான் தெரியும்.”

உட்கார்ந்தேன். அட்டைகளுக்கு விருந்துதான், ஆனால் அவர் சொன்னது சரி. நின்றுகொண்டு பார்க்கும்போது சோலை என்பது மரம். பாசி ஏறிய நாவல் வகை மரங்கள், தொங்கும் கொடிகள், விளிம்பில் காட்டுப்பூவரசு. உட்கார்ந்ததும் அது வேறு வீடு. மட்கிய இலை, விழுந்து கிடக்கும் கட்டை, குறிஞ்சி வகைச் செடிகளின் குச்சிக் கால்கள், அவற்றுக்கு நடுவே கையகல இடைவெளிகள். அப்படி ஓர் இடைவெளியில்தான் அது வந்தது. கட்டையின் அடியிலிருந்து இரண்டு தத்து, நிற்பது. மறுபடி இரண்டு தத்து, நிற்பது. நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நேராக நிற்கும். அலகால் ஓர் இலையைப் புரட்டி எறிந்தது, கீழே எதையோ கொத்தியது, விழுங்கியது. அவ்வளவு நேரமும் எனக்குத் தெரிந்தது வெறும் கரிய உருவம்தான். சோலைக்குள் இருக்கும் வெளிச்சத்தில் நீலம் நீலமாகத் தெரியாது. பிறகு ஒரு ஈரக் கல்லின் மேல் ஏறி என்னைப் பார்த்துத் திரும்பியது. மேலிருந்து இறங்கிய கொஞ்சம் வெளிச்சம் அதன் வயிற்றில் பட்டது. நடுவில் அழுக்கு வெள்ளை, இரண்டு விலாவிலும் துருப்பிடித்த தகரத்தின் செம்பழுப்பு. நெற்றியில் ஒரு மெல்லிய வெளிர்க் கோடு, அலகுக்கும் கண்ணுக்கும் இடையே கறுப்பு. மறுபடி இரண்டு தத்து, கட்டைக்குப் பின்னால் போய்விட்டது.

தெற்கத்திக்காரரை முதலில் பார்த்தது கொடைக்கானலில், ஊருக்கு நடுவிலேயே இருக்கும் பாம்பே சோலையில். இங்கே காட்டுக்குள் போய் உட்கார்ந்து தவம் கிடக்க வேண்டியதில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் ரோட்டோரத்துக்கே வந்து நிற்கும், முதல் வண்டி வரும்வரை. எனக்கு முதலில் தெரிந்தது புருவம். இருட்டு நிற முகத்தில் வெளிர் நீலமாக, நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேல் ஓடும் பட்டை. நீலகிரிப் பறவையின் நெற்றிக்கோடு இதற்குப் பக்கத்தில் நிற்காது. அது தேடிப் பார்க்க வேண்டிய கோடு, இது தானாகக் கண்ணில் அடிக்கும். வயிற்றின் நடுவே வெள்ளை பளிச்சென்று இருக்கும். விலாவில் துருவின் சுவடே இல்லை, அங்கேயும் சாம்பல் நீலம்தான்.

ஆகவே ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு முதல் பதில்: நீலகிரிக்கு விலாவைப் பாருங்கள், பழனிக்குப் புருவத்தைப் பாருங்கள். ஆனால் உண்மையில் இந்தக் குறிப்பே தேவையில்லை. எந்த மலையில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும், பைனாகுலரை எடுக்காமலே பெயர் எழுதிவிடலாம். நீலகிரியும் அதற்கு வடக்கே பிரம்மகிரி, கர்நாடகத்துப் பாபாபுதன் மலைகள் வரையும் ஒன்றின் பக்கம். ஆனைமலை, பழனி, மூணாறு, மேகமலை எல்லாம் மற்றதன் பக்கம். இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்றுகூடக் கிடையாது.

இனி அந்த நூற்றைம்பது வருஷச் சண்டை. சண்டை என்பது என் வார்த்தை, அவர்கள் மரியாதையாகத்தான் எழுதிக்கொண்டார்கள். நீலகிரிப் பறவையை 1840களில் எழுதிவைத்தவர் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன். பழனிப் பறவையை 1860களின் கடைசியில் பிளான்ஃபோர்டு வேறொரு இனமாக எழுதினார். பழனி மலையிலிருந்து அதைச் சேகரித்துக் கொடுத்தவர் அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பறவை. இருபதாம் நூற்றாண்டில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். சாலிம் அலி காலத்துப் புத்தகங்களில் செவ்வயிற்று ஷார்ட்விங், வெண்வயிற்று ஷார்ட்விங் என்று ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களாகத்தான் வரும். 2005இல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகளின் கையேட்டில் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். அப்போது பெயர் ப்ளூ ராபின். 2017இல் ஆராய்ச்சியாளர்கள் வி.வி.ராபின், சி.கே.விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலானோர் மரபணுவைப் பார்த்துவிட்டு, இது ஷார்ட்விங்கும் இல்லை, இமயமலைப் பக்கத்து ப்ளூ ராபின்களின் சொந்தமும் இல்லை, ஈப்பிடிப்பான்களில் நில்டாவா போன்றவற்றுக்கு அருகில் வரும் தனிக் கிளை என்று சொல்லி ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தையே உண்டாக்கினார்கள். என் அலமாரியில் இருக்கும் மூன்று புத்தகங்களில் இதே பறவைக்கு மூன்று பெயர்.

பெயர் மாறினால் பறவைக்கு என்ன என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. கணக்குப் பார்க்கிறவளுக்கு இது சீக்கிரம் விளங்கியிருக்க வேண்டும். ஆபத்துப் பட்டியல் இனவாரியாகப் போடும் கணக்கு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால், பாபாபுதனிலிருந்து தெற்குக் கோடி வரை பரவியிருக்கும் பறவை என்று வரும், ஓரளவு நிம்மதியாகத் தெரியும். பிரித்து எழுதினால் ஒவ்வொன்றுக்கும் சில மலை உச்சிகள்தான் சொத்து. நீலகிரியில் ஒரு சோலை போனால் அதை ஆனைமலைக் கணக்கிலிருந்து எடுத்து நிரப்ப முடியாது. பறவை ஒன்றுகூடக் குறையாமலே ஆபத்து கூடிவிட்டது என்று சொல்லலாம். அல்லது, ஏற்கெனவே இருந்த ஆபத்து பேரேட்டில் இப்போதுதான் ஏறியது என்று சொல்லலாம். இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி.

எப்படிப் பிரிந்தன? எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அதற்குப் பதில் தெரியும். மேற்கே வெள்ளியங்கிரி, வடமேற்கே நீலகிரியின் விளிம்பு. தெற்கே வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிற நாளில் ஆனைமலை. நடுவே மலை சட்டென்று அறுந்து, சுமார் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு வானம் மட்டும். ஆனி, ஆடியில் அந்த வழியாகத்தான் எங்களுக்குக் காற்றும் சாரலும் வருகின்றன. பாலக்காட்டு ரயில் ஒரு மலையும் ஏறாமல் கேரளாவுக்குப் போய்விடுகிறது. மனிதனுக்கு வசதி. இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரிலும் ஈரத்திலும், முழங்கால் உயரத்தில், நிழலிலேயே வாழும் பறவைக்கு அது கடல்தான். சோலைக்கு வெளியே வெயிலில் நிற்கவே கூசும் ஒரு பறவை, வேலிக்கருவேலும் தென்னந்தோப்பும் தாண்டி நாற்பது கிலோமீட்டர் பறந்து அடுத்த மலைக்குப் பெண் எடுக்கப் போகுமா? அதனால்தான் இந்த மலையுச்சிகளை ஆராய்ச்சியாளர்கள் வான்தீவுகள் என்கிறார்கள்.

2010இல் அதே வி.வி.ராபின், அனிந்த்ய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதை மரபணுவில் காட்டியது. மலை மலையாகப் போய், பறவையை மெல்லிய வலையில் பிடித்து, துளி ரத்தம் எடுத்துவிட்டு, விட்டுவிடுவார்கள். அந்தத் துளிகளில் மிக ஆழமான பிளவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. லட்சக்கணக்கான வருஷப் பழசு. தெற்கே செங்கோட்டைக் கணவாயில் இன்னொரு பிளவு. அது பாலக்காட்டைவிட மிகக் குறுகலான இடைவெளிதான், ஆனாலும் போதுமாக இருந்திருக்கிறது.

இது சோலக்கிளிக்கு மட்டும் நேர்ந்த கதையாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். சிரிப்பான்களையும் பாருங்கள். சோலையில் கும்பலாகக் கத்திக்கொண்டு திரிகிற அந்தப் பறவை, சோலக்கிளிக்கு உறவும் இல்லை, குணத்திலும் நேர் எதிர். அதுவும் இதே இடங்களில்தான் உடைந்திருக்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பானும் பாணாசுரச் சிரிப்பானும். தெற்கே பழனிச் சிரிப்பான். செங்கோட்டைக்கும் தெற்கே அசம்புச் சிரிப்பான். பழனிச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் அந்தப் பாதிரியார் ஃபேர்பேங்க் இன்றும் இருக்கிறார்.

பாட்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான், ஆனால் அதை எழுத்தில் காட்டுவது கஷ்டம். இரண்டுமே உடம்பு அளவுக்குச் சம்பந்தமில்லாத குரலில் பாடும். சீழ்க்கை, நடுவே கரகரப்பு, மறுபடி சீழ்க்கை, ராகம் எடுத்து முடிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிற மாதிரி. நீலகிரிப் பறவையின் பாட்டு என் காதுக்குக் கூர்மையாகவும் அவசரமாகவும் விழும். கொடைக்கானல் பறவை நிதானம். ஒரு சீழ்க்கையை வைத்துவிட்டு, அது விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததை வைக்கும். எனக்குப் பிடித்தது கொடைக்கானல் பாட்டு. கோத்தகிரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது அப்பனும் பக்கத்து வீட்டுக்காரனும் பாடுவதைக் கேட்டுப் படித்துக்கொள்கின்றன. அதனால் காடு துண்டானால் பாட்டும் துண்டாகும். சேத்தனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். பழைய கணவாய்களால் பிரிந்த பறவைகளின் பாட்டு ஒரு விதத்தில் வேறுபடுகிறது. நேற்றைய காடழிப்பால் பிரிந்தவற்றின் பாட்டு வேறு விதத்தில் வேறுபடுகிறது. கணவாய் தன் வேலையைச் செய்ய லட்சக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டது. நம் தேயிலைக்கும் ரோட்டுக்கும் ஒன்றிரண்டு நூற்றாண்டே போதுமாக இருந்திருக்கிறது. பறவையின் தொண்டையிலேயே அது பதிவாகியிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

இந்த இடத்தில் ஒரு புகார். ஒரு காலை நேரம், கொடைக்கானல் பக்கம் ஒரு சோலை விளிம்பு. எனக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் வந்திருந்தது, ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ். புதருக்கு அடியில் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துவிட்டு, சோலக்கிளியின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். உள்ளே இருந்த பறவை வந்தது, வராமல் என்ன செய்யும்? தன் வீட்டு வாசலில் வேறொரு ஆண் நின்று பாடுகிறான் என்று நினைத்து, ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றித் தத்தி, பாட்டை விட்டுவிட்டு எச்சரிக்கைக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. அது மே மாதம். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இந்தப் பறவைகளின் கூடு கட்டும் காலம். மரப்பொந்திலோ மண்சரிவின் ஓட்டையிலோ பாசி வைத்துக் கூடு, பெரும்பாலும் இரண்டே முட்டை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நாம் சீசன் என்று படையெடுப்பதும் அதே மாதங்களில்தான். “கொஞ்சம் நிறுத்துங்க, குஞ்சு இருக்கும்” என்றேன். “ஒரே ஷாட்டுங்க மேடம், லைஃபர்” என்றார் ஒருவர். வாழ்நாளில் முதல் தடவை பார்க்கும் பறவையை அப்படிச் சொல்வார்கள். அந்த ஒரே ஷாட் முடிய அரை மணி நேரம் ஆனது. 2024 மேயிலிருந்து இரண்டு ஊருக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகும் என்னைப் போன்றவர்களுக்கு அது வேண்டாம், ஸ்பீக்கருக்கு ஒரு பாஸ் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

ஆனால் ஸ்பீக்கர் சின்ன வில்லன். பெரிய கதை இரண்டு மலையிலும் நிலம் மாறிய கதை. அதிலும் இரண்டு பறவைக்கும் ஒரே கதி என்று சொல்ல முடியாது.

நீலகிரி முதலில் அடிபட்டது. 1820களில் ஊட்டி உருவானதிலிருந்து தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட், அப்புறம் சீகை என்ற வாட்டில் மரம், கற்பூர மரம் என்ற யூகலிப்டஸ், அணைகள். இப்போது குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சோலை என்பது தேயிலைக்கு நடுவே ஆங்காங்கே மிச்சம் வைத்த மாதிரி தெரியும். முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கிறது, 78 சதுர கிலோமீட்டர். ஆனால் அதில் பெரும்பாலும் புல்வெளி, பள்ளங்களில் மட்டும் சோலை. புல்வெளியும் சோலையும் அப்படி அடுத்தடுத்து இருப்பதுதான் இந்த மலைகளின் இயல்பு, அதைக் குறை சொல்லவில்லை. சோலைக்கும் சோலைக்கும் நடுவே புல் இருந்தால் பறவைக்குத் தாண்டிப் பழக்கம் இருக்கும். தேயிலையும் ரிசார்ட்டும் இருந்தால்?

தெற்கே நிலைமை கொஞ்சம் பரவாயில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஆனைமுடியைச் சுற்றிய உயரங்கள். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர், அதை ஒட்டி நம் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கிராஸ் ஹில்ஸ். ஆளும் வண்டியும் போகாத பெரிய உயரம் ஒன்று சேர்ந்தாற்போல அங்கே மிஞ்சியிருக்கிறது. பழனி மலை மட்டும் விதிவிலக்கு. அங்கே 1973க்கும் 2014க்கும் இடையில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதென்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். போன இடத்தில் சீகை, பைன், யூகலிப்டஸ், விவசாயம். தோல் பதனிடவும் விஸ்கோஸ் ஆலைக்கும் மரம் வேண்டும் என்று நட்டது. நட்ட காரணம் போய்விட்டது, மரம் போகவில்லை.

அந்நிய மரங்களை வேரோடு அகற்ற வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நானும் ஆமாம் போடுகிறவள்தான், ஆனால் ஒரு இடத்தில் தயங்குகிறேன். புல்வெளியில் புதிதாகப் பரவும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கத்தான் வேண்டும். புல்லில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் சோலையை ஒட்டி நிற்கும் பழைய தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள். சீகை நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து இடுப்புயரம், ஆளுயரம் நிற்கின்றன, கீழே இலைச்சருகு மட்கி ஈரமாக இருக்கிறது. அங்கே பொக்லைனை விட்டு ஒரே மட்டமாக வழித்தால் ஹெக்டேர் கணக்குக் காட்ட வசதியாக இருக்கும். சோலக்கிளிக்கு அந்த முளைக்கும் கன்றுகள்தான் இரண்டு சோலைகளுக்கு நடுவே ஒரு பாதை கிடைக்கும் நம்பிக்கை. நெட்டைக்காலிக்கு வேண்டியதும் சோலக்கிளிக்கு வேண்டியதும் ஒன்றில்லை. ஒரே டெண்டரில் இரண்டையும் முடிக்க முடியாது.

ஸ்டோர்ஸ் அண்ணன் இதைப் படித்தால் அடுத்த கேள்வி கேட்பார் என்று தெரியும். “ரெண்டோட முடிஞ்சுதா?” முடியவில்லை அண்ணா. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருக்கும் சோலக்கிளிக்கு 2017 ஆய்வில் ஆஷம்புயென்சிஸ் என்று தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அது தனி இனமா, வெண்வயிற்றுச் சோலக்கிளியின் துணையினமா என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. நாளைக்கு அதையும் தனி இனமென்று எல்லாப் பட்டியலும் ஏற்றுக்கொண்டால், கிடைக்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் மூன்றிலும் ஏழை அதுதான். நான் இன்னும் பார்த்ததில்லை. கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து அகஸ்தியர்கூடம் ஏற அனுமதி தருகிறார்கள், பெண்களுக்கும் 2019இலிருந்து திறந்துவிட்டார்கள். ஆனால் அது வருஷத்தின் தொடக்கத்தில் சில வாரம்தான், எங்களுக்கோ மார்ச் நெருங்கினால் ஆடிட். நம் பக்கம் களக்காடு முண்டந்துறையில் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, கோதையாறு பக்கம் முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன்.

அதற்கு முன்னால் காதைப் பழக்க வேண்டும். திருநெல்வேலி, நாகர்கோவில் நண்பர்கள் யாரிடமாவது அங்கே பதிவு செய்த சோலக்கிளிப் பாட்டு இருந்தால் அனுப்புங்கள். செல்போனில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த மாதம், எவ்வளவு உயரம், ஓடை பக்கத்தில் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்பீக்கர் போட்டு வரவழைத்து எடுத்ததென்றால் எனக்கு வேண்டாம்.